இறுகாத முற்றம்

ஐரினி அக்காவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் தன் வீட்டு முன்முற்றத்துக் கொங்கிரீட்டில் மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தார். மெல்பேர்னில் குளிர் தொடங்குகிற வைகாசி மாதத்துப் பின்னேரம் அது. எதிர்வீட்டுக்காரர் கம்பளிச் சட்டையோடு குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு போனார். தபால்காரன் வேலியோரம் நின்று, "தண்ணி எப்பிடி?" என்று கேட்டான். "மேலைதான் குளிர், உள்ளுக்கு நல்ல சூடு," என்று சொல்லிவிட்டு அக்கா ஒரு கையால் வலித்து வந்து அவனிடம் கடிதங்களை வாங்கினார். என்னைக் கண்டதும், "தம்பி, தேத்தண்ணி குடிக்காமல் போயிடாதை, இன்னும் ரண்டு சுத்துச் சுத்தியிட்டு வாறன்," என்றார். எழுபதைத் தாண்டிய மனுசி. கடலைக் கண்ணால் பார்க்கமாட்டேன் என்று முப்பது வருடத்துக்கு மேல் பிடிவாதமாக இருந்தவர், தொலைக்காட்சியில் கடல் வந்தால் பெட்டியை நிறுத்துகிறவர், மீன்கடையில் மீன் தன்னைப் பார்க்கிறது என்று தலையை முதலில் வெட்டச் சொல்கிறவர். அவர் எப்படி அங்கே வந்து நீந்தினார் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

ஐரினி அக்காவும் அவருடைய கணவர் ஸ்தமாத்தி அண்ணையும் கிரேக்க நாட்டில் கலிம்னோஸ் என்கிற தீவில் பிறந்தவர்கள். கல்லும் ஆடும் தவிர வேறொன்றும் விளையாத தீவு. ஆனபடியால் அங்கே ஆண்கள் கடலுக்கு அடியில் போய்க் கடற்பஞ்சு அறுத்து வந்து விற்றார்கள், உலகம் அந்தப் பஞ்சால் முதுகு தேய்த்துக் குளித்தது. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்த சுழியோடிகளின் கால்களை வாதம் கொண்டுபோனது. ஐரினி அக்காவின் அப்பா அப்படித்தான் வாசலில் கதிரையிலேயே இருந்து கிழவரானார். அக்காவின் அண்ணன் லெஃப்தேரி ஒரு கோடையில் இறங்கினார், கயிறு மட்டும் மேலே வந்தது. ஸ்தமாத்தி அண்ணை, அவரும் ஒரு சுழியோடிதான், பெண் கேட்டுப் போனபோது அக்கா அவரை வாசலிலேயே மறித்து இரண்டு சத்தியம் கேட்டார். இனிக் கடலில் கால் வைக்கக்கூடாது. கடல் தெரியாத இடத்தில் என்னைக் கொண்டுபோய் வைக்கவேண்டும். அண்ணை புனித நிக்கலஸ் படத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். கடல் தெரியாத இடத்துக்கு வருவதற்கு ஒரு மாதம் கடலில் கப்பலில் கிடக்கவேண்டியிருந்தது. அந்த மாதம் முழுவதும் அக்கா கீழ்த்தட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாராம்.

மெல்பேர்னின் வடக்கே, குடாக்கடலுக்கு வெகு தூரத்தில், லேலர் என்கிற பகுதியில் வீடு எடுத்தார்கள். அண்ணை கொங்கிரீட் வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில் வந்து இறங்கிய கிரேக்கர்களுக்குக் கொங்கிரீட் என்றால் தனிப் பிரியம். ஊரில் சேற்றிலும் புழுதியிலும் கிடந்து வந்தவர்கள், காசு கையில் சேர்ந்ததும் புல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு வீட்டைச் சுற்றிச் சீமெந்து போட்டார்கள், நடுவில் ஒரு எலுமிச்சைக்கும் வாசலில் இரண்டு சீமெந்துச் சிங்கத்துக்கும் மட்டும் இடம் விட்டார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் குழாயால் கழுவி ஈரமாகப் பளபளக்க விட்டுக் கதிரை போட்டு இருந்து ரசித்தார்கள். அந்தத் தெருக்களில் பாதி முற்றங்கள் அண்ணையின் கையால் போட்டவை. யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கரையிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்த என்னை, மீன்பிடி தவிர ஒரு தொழிலும் தெரியாத என்னை, அவர்தான் வாளி தூக்கச் சேர்த்துக்கொண்டார். பரராசசிங்கம் என்கிற என் பெயர் அவருடைய வாயில் நுழையவில்லை. தங்கள் பக்கத்துப் பெயராகப் பார்த்து பாரிஸ் என்று வைத்தார். அண்ணை, அக்கா, தம்பி என்கிற சொற்களை நான் அவர்களுக்குப் பழக்கினேன். எங்களுக்குள் கதைத்தது சிதறிய ஆங்கிலம்தான். ஆனால் அது என் காதில் எப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

ஊர் முழுக்க முற்றம் போட்ட மனிதர் தன் வீட்டுக்குப் போடாமல் இழுத்துக்கொண்டே வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அக்கா பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒரு புல்லு வேண்டாம், பூ வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணி தேங்காத முற்றம் வேணும்." நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய மாதத்தில் நாங்கள் இருவரும் மண்ணை வெட்டி, பலகை அடித்து, கம்பி வலை விரித்தோம். வழக்கமான மணல் லொறி அந்த முறை வரவில்லை, வேறெங்கிருந்தோ ஒன்று வந்து கொட்டிவிட்டுப் போனது. நான் ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்தேன்.

"அண்ணை, இது கடல்மணல் போலை கிடக்கு."

கடல்மணலைக் கொங்கிரீட்டில் போடக்கூடாது, உப்பு கம்பியைத் தின்றுவிடும் என்பது இந்தத் தொழிலுக்கு வந்த முதல்நாளே சொல்லித் தருகிற பாடம். அண்ணையும் ஒரு பிடி அள்ளி மணந்தார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மணந்தார்.

"மணல்தான்," என்றார். "கொட்டு."

கொட்டினோம், குழைத்தோம், ஊற்றினோம், மட்டப்பலகையால் இழுத்தோம். அப்படி ஒரு வழுவழுப்பான முற்றத்தை நாங்கள் அதற்கு முதல் போட்டதில்லை. பின்னேரம் அதைப் பார்த்தபடி ஆளுக்கொரு பியர் குடித்துவிட்டு நான் வீட்டுக்குப் போனேன். விடிய எழும்ப முதல் தொலைபேசி அடித்தது.

"பாரிஸ், இறுகேல்லை."

"வெயில் ஏறட்டும் அண்ணை, இறுகும்."

"வந்து பார்."

போய்ப் பார்த்தேன். முற்றம் மேலே வந்து கீழே போனது. வேலிப் பக்கமாக எழும்புகிற ஒரு சின்ன அலை, சாம்பல் நிறத்தில், அவசரமே இல்லாமல் உருண்டு வந்து வாசற்படியைத் தொட்டு, சீமெந்து நுரையைப் படியில் விட்டுவிட்டுத் திரும்பியது. நான் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன். உப்பு. கரையில் பிறந்தவனுக்கு வேறு சாட்சி தேவையில்லை. படியில் இருந்த ஈரக் கோட்டைப் பார்த்து, "பெருக்கு முடிஞ்சு வத்துத் தொடங்குது," என்றேன். அண்ணை தலையாட்டினார். அவர் அதற்கு முதுகு காட்டிக்கொண்டு, சப்பாத்து நனையாத தூரத்தில் நின்றார். ஆனால் அவருடைய காதுகள் இரண்டும் சிவந்து, கோயில் மணி கேட்கிற பிள்ளையின் காதுகள்போல இருந்தன.

அப்போது அக்கா தும்புத்தடியோடு முன்கதவைத் திறந்தார். பார்த்தார். மூடினார். உள்ளே போய் ஆளியை அழுத்த, முன்பக்க யன்னல்களின் இரும்பு மறைப்புகள் ஒவ்வொன்றாகக் கரகரத்து இறங்கின. நாங்கள் பின்வழியால் குசினிக்குள் போனோம்.

"ஸ்தமாத்தி, எனக்கு நீ என்ன சத்தியம் பண்ணினனீ?"

"நான் கால் வைக்கேல்லை ஐரினி. பார், சப்பாத்து காய்ஞ்சுபோய்க் கிடக்கு."

"மற்றச் சத்தியம்?"

அண்ணை சீனிப் போத்தலை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

"நான் கடல் தெரியாத வீடு கேட்டன். நீ கடலை வீட்டுக்குக் கொண்டந்து விட்டிருக்கிறாய்." அக்கா கோப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். "அது இறுகவேணும். இறுகாட்டில் நான் அடிலெய்டுக்கு மச்சாள் வீட்டை போறன். போனால் போனதுதான், அதையும் கேட்டுக்கொள்." சொன்னபடி ஒரு பெட்டியை எடுத்து உடுப்பை அடுக்கி, பின்கதவருகே கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்தப் பெட்டி வெளியே போனால் வீட்டில் மிஞ்சுவது அண்ணை ஒருவர்தான்.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் அந்தக் கடலை இறுகவைக்கப் படாதபாடு பட்டோம். மூட்டை மூட்டையாகச் சீமெந்தைத் தூவினோம், அது தேத்தண்ணியில் சீனி போலக் கரைந்தது. சீக்கிரம் இறுகுவதற்கென்று விற்கிற மருந்தை ஊற்றினோம், அலை கொஞ்சம் பெரிதானது. மின்விசிறி வைத்தோம், அடிக்கிற திசைக்குப் பாய் விரித்த மாதிரி அலை ஓடியது. குளிர்காலத்தில் கொங்கிரீட்டுக்குப் போர்த்துகிற வைக்கோல் மெத்தைகளைக் கொண்டுவந்து போர்த்தினோம், அடுத்த நாள் அவற்றின் கீழே சொறிமுட்டைகள், அந்தக் கண்ணாடிபோன்ற ஜெல்லிமீன்கள், மிதந்தன. நாலு பக்கமும் மட்டக்கோலால் தட்டித் தட்டி அண்ணை கெஞ்சினார், "இறுகு, கண்ணாணை இறுகு," என்று. ஒருபோதும் அவர் அதை நேராகப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி நின்றே வேலை செய்தார்.

ஆனால் செய்தி அதற்குள் தெருவை விட்டு வெளியே போய்விட்டது.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு டொரீன் என்கிற வெள்ளைக்கார மூதாட்டி. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எல்லைக்கு இங்காலை வராட்டில் எனக்கொண்டும் இல்லை," என்று சொல்லிவிட்டுப் போனவர், மடக்குக் கதிரையும் குடையும் கொண்டு திரும்பி வந்து அந்தக் கோடை முடியும்வரை அங்கேயே இருந்தார். பிறகு கிரேக்கக் கோப்பிக்கடைக் கிழவர்கள் வந்தார்கள். தலைமை தாங்கி வந்தவர் பந்தெலி என்கிற முடிவெட்டுகிறவர், அதே தீவுக்காரர், அண்ணையின் பழைய கூட்டாளி, கத்தரிக்கோலைவிட வாய் கூர். கிழவர்கள் தூண்டிலும் வாளியும் கையில் உருட்டுகிற மணிமாலைகளுமாக வேலியோரம் வரிசையாக இருந்து, இது எந்தக் கடல் என்று சண்டை பிடித்தார்கள். கலிம்னோஸ்காரர் எங்களுடையது என்றார்கள். ஒரு கிரேத்தா தீவுக்காரர் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, இந்த உப்பு எங்களுடையது, உங்கள் உப்புக்கு இந்த வீரம் இல்லை என்றார். மலைநாட்டில் பிறந்து, கப்பல் ஏறும்வரை கடலே பார்த்திராத ஒருவர், "எனக்குத் தெரிஞ்ச ஒரே கடல் நாங்கள் வந்த கடல். இது அந்தக் கடல்தான், எனக்கு இப்பவும் வயித்தைப் பிரட்டிச் சத்தி வருது," என்றார். அவர் சொன்னதைத்தான் பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டார்கள்.

மீன் பட்டது. பட்ட மீன்கள் எல்லாம் சிலைபோலச் சாம்பல் நிறத்தில் வந்தன, குழாயடியில் பிடித்தால் சீமெந்துத் தோல் உரிந்து உள்ளே சிவப்பும் வெள்ளியுமாகத் துடித்தன. கணவாயைப் பிடித்தவர்கள் அதைத் தெருவோரத்துக் கல்லில் அடித்து மெதுவாக்கினார்கள். பின்னேரங்களில் அந்தத் தெரு முழுவதும் உடுப்புத் துவைக்கிற துறைபோலப் பளார் பளார் என்று கேட்டது. என் மனைவி தவமலர் ஒரு வாளி நண்டோடு வந்து பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினாள். கிரேக்கர்கள் மடித்த பிலாவிலையில் குடிக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டு, இதற்குள் எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது என்றார்கள், அவள் முறைத்தாள், பிழிந்து பார்த்தாள், பிறகு எப்போதும் பிழிந்தாள். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் எனக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணை, பால்சுறா வருமோ? புட்டோடை வறை வைச்சுக் கனகாலம்," என்று கேட்டார்கள். இத்தாலியர் வந்தார்கள், லெபனான்காரர் வந்தார்கள், ஒரு கூழைக்கடா வந்து தபால்பெட்டியின் மேல் குடியேறியது.

நகரசபையிலிருந்தும் ஓர் அதிகாரி வந்தார். அவர் ஒன்றுக்கும் ஆச்சரியப்படவில்லை. "ஆழம் எவ்வளவு?" என்றார். நாங்கள் ஒரு கயிற்றில் பாரத்துக்கு ஒரு சாவிக்குறடைக் கட்டி இறக்கினோம். கயிறு முடிந்தது. டொரீன் தன் உடுப்புக்கொடியை அவிழ்த்துத் தந்தார், அதுவும் முடிந்தது. அவர் தலையைச் சொறிந்து, "ஒரு அடிக்கு மேலை எண்டு போடுறன்," என்றார். "ஒரு அடிக்கு மேலை தண்ணி இருந்தால் சட்டப்படி வேலி அடைக்கவேணும், தானாகச் சாத்துற படலை வைக்கவேணும்." வேலி அடைத்தோம், தானாகச் சாத்துகிற படலையும் வைத்தோம். கடலுக்கு ஒரு கேடும் வரவில்லை.

வருகிற எல்லோரும், படலைக்குள் நுழைய முதல், பின்வழியால் போய் அக்காவைக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள். வீட்டுக்காரியைக் காணாமல் வாசலில் இருப்பது அவர்களுடைய வழக்கத்தில் இல்லை. அக்கா எல்லோருக்கும் கோப்பி கொடுத்தார், எல்லோருடைய பிள்ளைகளையும் விசாரித்தார். வந்தவர்கள் பெட்டியைக் கண்டும் காணாததுபோலத் தாண்டிப் போனார்கள். பேச்சு முற்றத்தைத் தொட்டால் அக்கா எழும்பிப் பாத்திரம் கழுவத் தொடங்கினார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மறைப்புகள் எல்லாம் பூட்டியிருந்த அந்த இருட்டு வீட்டில், அக்கா நடந்துபோகிற வேகம், கழுவுகிற வேகம், கோப்பியைக் கிண்டுகிற வேகம் எல்லாம் வெளியே அலை அடிக்கிற வேகமாகவே இருந்தது.

தை மாதம், ஜனவரி ஆறாம் திகதி, கிரேக்கர்களுக்குத் தண்ணீரை ஆசீர்வதிக்கிற திருநாள். பாதிரியார் ஒரு சிலுவையைக் கடலில் எறிவார், இளைஞர்கள் பாய்ந்து மூழ்கி அதை எடுத்துவருவார்கள், எடுத்தவனுக்கு அந்த வருடம் முழுவதும் நன்மை. எடுக்காமல் போனால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அப்படி நடந்ததில்லை. லேலர் ஆட்கள் அதற்கு வருடாவருடம் பஸ் பிடித்துத் தூரத்துத் துறைமுகத்துக்குப் போய், மற்றக் கோயில்காரரின் முதுகுகளுக்குப் பின்னால் நின்று ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்தவர்கள். இப்போது கடல் தங்கள் தெருவிலேயே இருக்கிறது! லேலர் கோயில் பாதர் கிரிஸாந்தோஸ் தன் நீளச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து பார்த்துவிட்டு, "இந்த வருசம் இங்கைதான்," என்றார். சந்தோசத்தில் பந்தெலி அன்று முழுக்க இலவசமாக முடி வெட்டினார்.

அண்ணை மட்டும், "அவள் போயிடுவாள்," என்றார்.

"மனிசி அடிலெய்டிலை இருந்து ஒருநாள் திரும்பி வருவாளடா," என்றார் பந்தெலி. "கடல் போனால் வருமோ?"

அண்ணை கையிலிருந்த வாளியை அவர்மேல் எறிந்தார். பந்தெலி குனிந்தார், அது கூழைக்கடாவில் பட்டது. கடைசியில் அக்காவே தீர்ப்புச் சொன்னார். "பாதர் வாறதை நான் மறிக்கமாட்டன். அவர் வரட்டும், எறியட்டும், எடுக்கட்டும், போகட்டும். அண்டைக்குப் பின்னேர றெயிலிலை நான் போவன்." பயணச்சீட்டை வாங்கி வரும்படி என்னைத்தான் அனுப்பினார். வாங்கிவந்து காட்டினேன், போகிற நேரம் தா என்று என்னிடமே வைத்திருக்கச் சொன்னார். அண்ணை அதைப் பார்த்துவிட்டு, பின்பக்கத்துக்குப் போய், எலுமிச்சை மரத்தோடு கதைத்துக்கொண்டு நின்றார்.

திருநாள் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கோயிலில் பூசை முடிந்து பாதர் முன்னால் வர, மணி அடிக்கிறவர்களும் கொடி பிடிக்கிறவர்களும் பின்னால் வர, அவர்களுக்குப் பின்னால் லேலர் முழுவதும் வந்தது. மதில்களில் ஏறினார்கள், கார்களின் கூரைகளில் ஏறினார்கள், டொரீனின் வீட்டுக் கூரையில் பத்துப் பதினைந்து பேர் ஏறி இருக்க, அவர் கீழே நின்று எல்லோருக்கும் பழரசம் ஊற்றி மேலே நீட்டினார். குழாய் திருத்துகிறவர் ஒருவரின் மூன்று மகன்மாரும் வேறு சில இளைஞர்களும், எண்ணெய் பூசிய தோள்களும் தங்கச் சங்கிலிகளுமாக, வாசற்படியில் வரிசையாக நின்றார்கள். அண்ணை படியின் ஓரத்தில், வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, கோட்டும் சப்பாத்துமாக நின்றார்.

சிலுவையை எறிகிறபோது அதற்கு ஒரு நீளமான பட்டு நாடா கட்டுவது வழக்கம், தற்செயலாகத் தொலைந்தாலும் இழுத்து எடுக்கலாம். கோயில் பொறுப்பாளர் நாடாவை நீட்டினார். பாதர் சிரித்தார். "ஒரு முன்முற்றத்துக்கு நாடா எதுக்கு?" அந்தச் சிரிப்போடு, பாட்டோடு, கையை வீசி எறிந்தார். சிலுவை வெயிலில் ஒருமுறை மின்னி, சாம்பல் அலைக்குள் விழுந்தது.

பையன்கள் பாய்ந்தார்கள். சனம் ஆரவாரித்தது. ஒவ்வொருவனாக மேலே வந்தான், சீமெந்து பூசிய தலையோடு, வெறுங்கையோடு. மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பவும் போனார்கள். திரும்பவும் வெறுங்கை. மூத்தவன் படியில் தொங்கிக்கொண்டு, "அடி இல்லை பாதர்," என்றான். "போகப் போகப் போய்க்கொண்டே இருக்குது."

ஆரவாரம் அப்படியே நின்றது. பாட்டும் நின்றது. கூரைகளில் இருந்தவர்கள் நெஞ்சில் குரிசு போட்டுக்கொண்டார்கள். பிறகு யாரும் சொல்லாமலே எல்லா முகங்களும் ஒரு பக்கம் திரும்பின. அந்தத் தெருவில் ஆழத்துக்குப் போய் வந்த சுழியோடி ஒருவர்தான் இருந்தார்.

"ஸ்தமாத்தி," என்றார் பாதர்.

"நான் சத்தியம் பண்ணியிருக்கிறன்," என்றார் அண்ணை, சுவரைப் பார்த்தபடி.

"உன்னை அந்தச் சத்தியத்திலையிருந்து நான் விடுவிக்கிறன்."

"நீங்கள் விடலாம் பாதர். அவளெல்லோ விடோணும்."

சனம் முழுவதும் மூடியிருந்த யன்னல்களைப் பார்த்தது. அப்போது நடு யன்னலின் இரும்பு மறைப்பு கரகரவென்று ஏறத் தொடங்கியது. முதலில் அக்காவின் ஏப்ரன் தெரிந்தது, பிறகு கட்டிய கைகள், பிறகு முகம். அவர் முற்றத்தைப் பார்த்தார். மகன் பட்டாளத்திலிருந்து வந்து இறங்கியதைப் பார்க்கிற தாயைப்போல, கோபமும் பசியுமாகப் பார்த்தார். பிறகு முன்கதவைத் திறந்து படிக்கு வந்தார்.

அண்ணை திரும்பினார். "ஐரினி, நீ ஓமெண்டு சொன்னால்..."

"நீ போனால் வரமாட்டாய்," என்றார் அக்கா. "உனக்கு எப்பவும் மூச்சுக் காணாது. அப்பா அதைத்தான் எனக்குச் சொன்னவர், அவனைக் கட்டு, ஆனால் கடலிலை விடாதை எண்டு."

டொரீனின் கூரையில் யாரோ சிரித்தார்கள். அக்கா ஏப்ரனை அவிழ்த்தார். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தார். பல்லுக்கட்டையைக் கழற்றி அண்ணையின் கோட்டுப் பையில் போட்டார். வேலை முடிந்து சுவரோடு சாத்தியிருந்த ஒரு தளக்கல்லை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து எடுத்தார். அவர்களுடைய தீவில் பழைய சுழியோடிகள் அப்படித்தான் ஒரு தட்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்களாம், கல் ஆளைக் கீழே கொண்டுபோகும். பாதர், "பொம்பிளையள் இதுக்கு..." என்று தொடங்கினார். அதை முடிப்பதற்கு முதல் அக்கா மூன்று தரம் மூச்சை இழுத்து விட்டு, நாலாவதை உள்ளே பூட்டி, கறுத்தச் சட்டையோடு தலைகீழாகப் போய்விட்டார். ஒரு துளி தெறிக்கவில்லை. அலை அவருக்காக ஒதுங்கி, பிறகு மூடிக்கொண்டது.

நான் என் ஊரில் சங்கு குளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த நேரத்தில் பயப்படத் தொடங்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் வந்தது. போனது. தவமலர் என் கையை நகம் பதியப் பிடித்தாள். கிழவிகள் மன்றாடத் தொடங்கினார்கள். பந்தெலி மணிமாலையை உருட்டத் தொடங்கினார். குழாய்க்காரரின் மகன்கள் திரும்பவும் பாய்ந்து, திரும்பவும் வெறுங்கையோடு வந்தார்கள். அண்ணை படியில் இருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அவசரத்தில் முடிச்சு இறுகியது, பல்லால் கடித்து அவிழ்த்தார். ஒரு சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், அந்த வெள்ளைவெளேரென்ற பாதத்தைத் தூக்கி அலைக்கு மேலே நீட்டிவிட்டார்.

நடு முற்றத்தில் தலை வந்தது.

"சப்பாத்தைப் போடு," என்றார் ஐரினி அக்கா.

அண்ணை காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அக்கா தலைக்கு மேலே வலது கையைத் தூக்கினார், சிலுவை. இடது கையைத் தூக்கினார், தலையளவு கறுத்தக் கடற்பஞ்சு, வேரோடு, நீர் சொட்டச் சொட்ட. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எழுந்த சத்தத்தை நான் திரும்பக் கேட்டதில்லை. கார்களின் ஹோர்ன்களும் கோயில் மணிகளும் கூழைக்கடாவும் சேர்ந்து கத்தின, முன்பின் தெரியாதவர்கள் கட்டிப் பிடித்தார்கள், பாதர் கிரிஸாந்தோஸ் பொம்பிளையள் என்று தொடங்கிய வசனத்தை மறந்து முழு உடுப்போடு படியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு கடலில் இறங்கி அக்காவின் கையிலிருந்து சிலுவையை வாங்கி முத்தமிட்டார். சாப்பாட்டுச் சட்டிகள் வந்தன, மேளம் வந்தது, பின்னேர றெயில் போகிற நேரத்தில் அக்கா நனைந்த தலையோடு வட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தார். பயணச்சீட்டு என் சட்டைப்பையிலேயே கிடந்தது, யாரும் கேட்கவில்லை.

ஆட்டம் ஓய்ந்தபோது தவமலர் அவருடைய தலையைத் துவட்டியபடி, "அக்கா, உங்களுக்குக் கடல் பிடிக்காதெண்டெல்லோ இருந்தம்?" என்று கேட்டாள்.

"ஆர் சொன்னது? நான் அப்பிடிச் சொன்னதே இல்லை. பார்க்கமாட்டன் எண்டுதான் சொன்னனான்." அக்கா கூந்தலைப் பிழிந்தார், சாம்பல் நீர் ஓடியது. "அப்பா எனக்குத்தான் முதல் பழக்கினவர், அண்ணாவுக்கு இல்லை. ஆரும் காணாத குடாவிலை. எனக்குக் காதிலை இரைச்சல் வாறேல்லை, பயம் வாறேல்லை, மேலை வர மனமும் வாறேல்லை. அதுதான் பிரச்சினை. அப்பா கதிரையிலை, அண்ணா இல்லை, நானும் கீழை நிண்டிட்டால் அம்மாவுக்கு ஆர் சோறு குடுக்கிறது? பார்க்காமல் இருந்தால் போகாமல் இருக்கலாம்."

"இண்டைக்கு மேலை வந்திட்டியளே."

அக்கா படியைக் காட்டினார். அண்ணை அங்கே ஒற்றைச் சப்பாத்தோடு பஞ்சை மடியில் வைத்து ஒரு பிள்ளையைப்போலத் தடவிக்கொண்டிருந்தார். "இந்தாள் இறங்கியிருந்தால் செத்திருக்கும்," என்றார்.

பெட்டியைத் தவமலரும் அவருமாக அவிழ்த்து அடுக்கினார்கள். அடுத்த நாளிலிருந்து அக்கா நீந்தினார், வெயிலில், மழையில், பனியில். யன்னல் மறைப்புகள் பிறகு இறங்கவில்லை. அண்ணையை மட்டும் அவர் சத்தியத்திலிருந்து விடவே இல்லை. கடைசிவரை அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, இப்போது கடலை நேராகப் பார்த்துக்கொண்டு, படியில் காவலிருந்தார். "ஒரு காலையாவது வைக்கவிடன்," என்று கெஞ்சுவார். "மூச்சுக் காணாது," என்று பதில் வரும். காலை நனைக்க மூச்சு எதற்கு என்று அவர் கேட்டதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அக்கா சிரித்துக்கொண்டு மூழ்கிவிடுவார். ஒவ்வொரு தையிலும் பாதர் வந்தார், நாடா கட்டித்தான் எறிந்தார், அக்காதான் எடுத்தார். வருகிற வருடம் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள் என்று பந்தெலி சொன்னதற்கு, "மூச்சுள்ளவை எடுக்கட்டும்," என்றார்.

இப்படிப் பல வருடங்கள். நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்த அந்தப் பின்னேரத்துக்கு அடுத்த கிழமை, ஐரினி அக்கா தன் கட்டிலில், நித்திரையில், காய்ந்த தலையோடு செத்துப்போனார். நாங்கள் சவக்காலைக்குப் போகும்போது முற்றத்தில் நல்ல அலை இருந்தது. திரும்பி வந்தபோது இறுகியிருந்தது. நான் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், மணிபோலச் சத்தம் வந்தது. நல்ல கொங்கிரீட்.

ஸ்தமாத்தி அண்ணையும் பிறகு போனார், பந்தெலி போனார், என் தவமலரும் போய்விட்டாள். வீட்டை ஒரு வியட்நாமியக் குடும்பம் வாங்கியிருக்கிறது. அலைகள் இறுகியபடியே நிற்கின்றன, வாசல் பக்கம் முழங்கால் உயரம், வேலிப் பக்கம் கொஞ்சம் தாழ்வு. மழை பெய்தால் பள்ளங்களில் உப்பில்லாத நல்ல தண்ணீர் நிற்கிறது. யாரும் இடறி விழக்கூடாதென்று நகரசபை வாசலிலிருந்து தெருவரைக்கும் ஓர் இரும்புக் கைப்பிடி வைத்துக் கொடுத்திருக்கிறது.